றீற்றா இறக்கிவைத்த பாரம்

தையல்காரியிடம் வயதை மறைக்கலாம், வருத்தத்தை மறைக்கலாம், உடம்பை மட்டும் மறைக்க முடியாது. அளவு நாடா வாய் திறக்காமலே எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

எங்கள் தீவில், ஊர்காவற்றுறைச் சந்தைக்குப் பக்கத்தில் என் கடை. கடை என்றால் ஒரு மெசின், ஒரு அலுமாரி, ஒரு ஆளுயரக் கண்ணாடி, அளவெடுக்கிற மூலையை மறைக்க ஒரு திரைச்சீலை, அவ்வளவுதான். சரவணைக் கிராமத்திலிருந்து சைக்கிளில் வந்து போகிறேன். என்னைப் போல மெசின் மிதிக்கிற சகோதரிகளுக்கும், கடை கடையாக ஏறி இறங்கி “உங்கட அளவுக்கு இல்லை” என்ற பதிலோடு திரும்புகிற சகோதரிகளுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நாங்கள் இரண்டு கூட்டமும் ஒரே வேதனையை இரண்டு பக்கத்தில் நின்று அனுபவிக்கிறவர்கள். முன்பக்கம் பொருந்தினால் தோள் தொங்கும். தோள் பொருந்தினால் முன்பக்கம் பிய்யும்.

இது றீற்றாவின் கதை. எழுதட்டுமா என்று கேட்டேன். “பேரையும் போடுங்கோக்கா, ரெண்டு பேருக்கெண்டாலும் பயம் தெளியட்டும்” என்றாள்.

சின்னனாகத் தைக்க ஏலுமோ?

றீற்றாவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. பிள்ளைகள் இருவரும் வளர்ந்துவிட்டார்கள். புருஷன் அன்ரன் நண்டு வலை போடுகிறவர். விடியற்காலை வள்ளம் கரைக்கு வந்ததும் வலையிலிருந்து நண்டைக் கழற்றி எடுப்பது றீற்றாவின் வேலை. மணிக்கணக்காகக் குனிந்திருந்து, நண்டின் கால் முறியாமல், வலை அறாமல், ஒவ்வொன்றாக எடுக்கவேண்டும். கால் முறிந்த நண்டை வாங்க வருகிறவன் ஒதுக்கிவிடுவான். அந்தக் கரையிலே அவளைப் போல விரல் ஓடுகிற ஆள் கிடையாது என்று பெயர். மற்ற வள்ளக்காரர்களும் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

என்னிடம் அவள் வந்தது உள்சட்டையின் தோள்பட்டியை அகலமாக்க. அகலமாக்கிக் கொடுத்தேன். அடுத்த மாதம் வந்தாள்; பட்டிக்குள் பஞ்சு வைத்துக் கொடுத்தேன். மூன்றாம் முறை வந்தபோது திரைக்குப் பின்னால் நிற்கவைத்துத் தோளைப் பார்த்தேன். பட்டி அழுத்திய இடத்தில் இரண்டு பக்கமும் என் சுண்டுவிரல் படுத்துறங்கலாம், அவ்வளவு பள்ளம். மார்புக்குக் கீழ் மடிப்பில் வியர்வையால் வெந்து சிவந்த புண். நாரி, அதுதான் இடுப்பு, கழுத்து இரண்டிலும் இருந்த நோவைச் சொல்லவேண்டியதில்லை. அவளோ அது ஒன்றையும் பெரிதாக எடுக்கவில்லை. “இது எங்களுக்கு எழுதினது” என்றாள். அவளை ஆட்டிவைத்தது விரல்கள்தான். சுண்டுவிரலும் பக்கத்து விரலும் விறைத்துவிட்டன. உள்சட்டைக் கொழுக்கியை மாட்டச் சொல்லிக் கையில் கொடுத்தேன். அது நழுவி நிலத்தில் விழுந்தது. விழுந்த பிறகும் அவள் விரலைக் கூட்டியபடியே நின்றாள்.

“வலைக்குள்ளை கை வைச்சால் நூல் எது நண்டு எது எண்டு தெரியுதில்லை. கண்ணாலை பாத்துப் பாத்துத்தான் கழட்டுறன். கால் முறியுது. இவர் ஒண்டும் சொல்லமாட்டார், ஆனால் மற்ற வள்ளக்காரர் இப்ப என்னைக் கூப்பிடுறேல்லை” என்றாள். “கழுத்துப் பாரத்தாலை வாற விறைப்பு எண்டு ஆஸ்பத்திரியிலை சொல்லுகினம். உங்களிட்டை ஒண்டு கேக்கட்டோ?” என்றாள். கேள் என்றேன். திரைச்சீலையை ஒருமுறை இழுத்து மூடிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

“நீங்கள் சட்டையைப் பெருப்பிச்சுப் பெருப்பிச்சுத் தாறியள். என்னைக் கொஞ்சம் சின்னனாத் தைக்க ஏலுமோக்கா?”

டொக்டர் கீறிய படம்

என்னால் ஏலாது என்று சொல்லி எங்கள் தீவு ஆஸ்பத்திரிக்கே திரும்ப அனுப்பினேன். ஏலுமான ஆள் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார் என்று அங்குள்ள டொக்டர் கடிதம் கொடுத்து அனுப்பினார். அன்ரனுக்குக் கடல், ஆகவே துணைக்கு நான் போனேன். கடையைப் பூட்டிவிட்டுப் போவது எனக்குப் பிடித்த வேலை இல்லை, ஆனால் உண்மையைச் சொன்னால் எனக்கும் பார்க்க ஆசையாக இருந்தது.

சத்திரசிகிச்சை டொக்டர் ஒரு பெண். எங்கள் இருவரிலும் இளையவர். ஒன்றையும் மறைக்கவில்லை. கடதாசியில் படம் கீறிக் காட்டினார்: காம்பைச் சுற்றி ஒரு வெட்டு, அதிலிருந்து நேரே கீழே ஒன்று, அடிமடிப்போடு வளைந்து ஒன்று. உள்ளே மேலதிகமான கொழுப்பையும் தசையையும் எடுத்துவிட்டு, மிச்சத்தைத் தூக்கிக் கட்டி, காம்பை மேலே ஏற்றி வைப்பார்களாம். றீற்றா படத்தை எட்டிப் பார்த்தாள். “இது நங்கூரமெல்லோ!” என்றாள். டொக்டரும் பார்த்தார், ஓம், அப்படித்தான் என்றார். அந்தத் தழும்பு வாழ்நாள் முழுக்க இருக்கும். முதலில் சிவந்து தடித்துத் தெரியும், ஒரு வருஷத்துக்கு மேலாகத்தான் மெல்ல மங்கும். காம்பில் உணர்ச்சி குறையலாம், சிலருக்குத் திரும்பி வராமலும் போகலாம். இனிப் பிள்ளை பெறுகிற எண்ணமிருந்தால் பால் கொடுக்க முடியாமல் போகலாம். இரண்டு பக்கமும் அச்சொட்டாக ஒன்றுபோல இருக்கும் என்று எதிர்பார்க்கக்கூடாது. றீற்றா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

கடைசியாக விரலை நீட்டி, இந்த விறைப்புப் போகுமோ என்று கேட்டாள். டொக்டர் விரலைத் தொட்டுப் பார்த்தார், கழுத்தைத் திருப்பிப் பார்த்தார், வேறு காரணம் இருக்கிறதா என்றும் சோதிக்கவேண்டும் என்றார். “பாரம் இறங்கினால் கனபேருக்கு இந்த விறைப்புக் குறையுது. உங்களுக்குக் குறையும் எண்டு நான் சத்தியம் பண்ண ஏலாது” என்றார். பிறகு வாயைப் பார்த்தார். வெற்றிலையும் புகையிலையும் காட்டிக் கொடுத்துவிட்டன. புகையிலை போட்டால் காயம் ஆறாது, இன்றைக்கே விடவேண்டும் என்றார். எங்கள் தீவில் புருஷனை விட்டவர்களைக் கண்டிருக்கிறேன், புகையிலையை விட்டவர்களைக் காணவில்லை. பஸ்சுக்கு நிற்கும்போது றீற்றா மடியிலிருந்த வெற்றிலைப் பையை எடுத்து என் கையில் வைத்தாள்.

“இதை நீங்களே வைச்சிருங்கோக்கா. நான் அழுது கேட்டாலும் தராதேங்கோ.”

அன்ரன் யோசித்தார்

புருஷன் என்ன சொல்லுவாரோ என்பதுதான் என் பயம். றீற்றாவுக்குப் பயமில்லை, ஆனால் அவளும் சொல்லுவதற்கு ஒரு கிழமை எடுத்தாள். சொன்ன அன்று அன்ரன் சாப்பிட்ட கையோடு எழும்பிக் கரைக்குப் போய்விட்டாராம். வள்ளத்தில் குந்தியிருந்தது தெரிந்ததாம். மறுநாள் என் கடை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை, பெண்கள் சட்டை தொங்குகிற கடைக்குள் அவர் இதுவரை கால் வைத்ததில்லை. வெளியில் நின்றபடியே, உயிருக்கு ஆபத்தோ என்று கேட்டார். மயக்க மருந்து கொடுக்கிற எந்த ஓப்பிரேசனிலும் உள்ளதுதான் இதிலும், முதலில் இரத்தம், இருதயம் எல்லாம் பார்த்துத்தான் எடுப்பார்கள் என்று டொக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். தலையைச் சொறிந்தார். கடலைப் பார்த்தார்.

“வள்ளத்திலை பாரம் கூடினால் நாங்கள் இறக்கித்தானே ஓடுறனாங்கள். அவவை மட்டும் ஏன் தாழ விடுவான்?”

நவநாள்

வெளியில் யாருக்கும் சொல்வதில்லை என்று மூன்று பேரும் முடிவெடுத்தோம். எங்கள் தீவில் மூன்று பேருக்குத் தெரிந்தது முப்பது பேருக்குத் தெரியாமல் இருக்கும் என்று நினைத்ததுதான் பிழை. அன்ரனின் தமக்கை பிலோமினா பக்கத்து வளவு. றீற்றா அடிக்கடி யாழ்ப்பாணம் போகிறாள், மார்பில் படம் எடுத்தார்கள், புகையிலையை வேறு விட்டுவிட்டாள். பிலோமினா கூட்டிப் பார்த்தாள். விடை புற்றுநோய் என்று வந்தது.

பிறகென்ன, மாதா கோவிலில் ஒன்பது நாள் செபமான நவநாள் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு பின்னேரமும் பெண்கள் கூடி மாதாவிடம் றீற்றாவுக்காக மன்றாடினார்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் வாசலிலேயே மூக்கை உறிஞ்சத் தொடங்கினார்கள். ஒருத்தி பிள்ளைகளை யார் பார்ப்பது என்றுகூடக் கேட்டுவிட்டாள். றீற்றா என் கடையில் வந்து விழுந்தாள். உண்மையைச் சொன்னால் சிரிப்பார்கள், சொல்லாவிட்டால் அழுகிறார்கள், எதைத் தாங்குவது என்றாள். நான் தலையைக் குனிந்து தையலைப் பார்த்தேன்.

ஆனால் அவள் செய்த வேலையை நான் செய்திருப்பேனா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். நவநாளின் கடைசி நாள் செபம் முடிந்து பெண்கள் கலைய முதல், கோவில் முற்றத்தில் எழும்பி நின்று சொன்னாளாம்: “எனக்குப் புற்றுநோய் இல்லை. எனக்கு நெஞ்சுப் பாரம். தோள் வெடிக்குது, விரல் விறைக்குது. டொக்டர் குறைச்சு விடப்போறா. நீங்கள் செபிச்சதுக்கு நன்றி. ஓப்பிரேசனுக்கும் செபியுங்கோ.” ஒருத்தியும் சிரிக்கவில்லையாம். பின்வரிசையில் இருந்த இரண்டு பேர், நல்ல கனத்த உடம்புக்காரிகள், மெல்லத் தங்கள் தோள்பட்டியைத் தடவிப் பார்த்தார்களாம். பிலோமினாவுக்குத்தான் மனம் ஆறவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டு கேட்டாள்:

“அப்ப நான் முழங்காலிலை நிண்டது முழுக்க ஆரின்ரை கணக்கிலை போகும்?”

நிற்கவைத்து அளவெடுத்தல்

நீண்ட காத்திருப்புக்குப் பிறகு நாள் கிடைத்தது. வாடைக்காற்றுக் காலம். ஓப்பிரேசனுக்கு முதல் டொக்டர் வந்து றீற்றாவை எழும்பி நிற்கச் சொன்னார். அவள் கூச்சத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். டொக்டர் அளவு நாடாவை எடுத்துக் கழுத்துக்குழியிலிருந்து அளந்தார், நடுக்கோடு போட்டார், இரண்டு பக்கமும் மையால் கீறினார், பின்னால் போய் நின்று பார்த்தார், திரும்ப வந்து ஒரு கோட்டை அரை விரல் தள்ளிப் போட்டார். படுத்தால் எல்லாம் பக்கத்துக்குச் சரிந்துவிடும், ஆகவே நிற்கும்போதே கீறவேண்டுமாம். நான் மலைத்துப் போனேன். இத்தனை வருஷம் சோக்கட்டியால் கோடு போடுகிறேன், அவ்வளவு பொறுமையாகப் போட்டதில்லை. வாய் சும்மா இருக்குமா? நானும் தையல்காரிதான், நீங்கள் கோடு போடுகிற அழகைப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். மைப்பேனையை மூடினார்.

“உங்களுக்குப் பிழைச்சால் பிரிச்சுத் தைக்கலாம். எனக்கு அந்த வசதி இல்லை, அக்கா.”

கொடுவாய் மீன்

பல மணித்தியாலம் வெளியில் இருந்தோம். அன்ரன் ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் குந்தி, இல்லாத வலையை விரலால் பின்னிக்கொண்டிருந்தார். வெளியே கொண்டுவந்தபோது றீற்றாவின் முகம் வெளிறிக் கிடந்தது. கட்டுக்குக் கீழே இரண்டு பக்கமும் ஒவ்வொரு மெல்லிய குழாய், இரத்தநீர் வடிய. அதை அடுத்தடுத்த நாளில் எடுத்துவிட்டார்கள். நோவு இருந்தது, கத்தி வெட்டின நோ இல்லை, உள்ளே எரிகிற, இழுக்கிற நோ என்றாள். மருந்துக்கு அடங்கியது. வாந்தி ஒருமுறை. எடுத்த தசையை வழமைப்படி பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பிறகு ஒன்றுமில்லை என்று பதில் வந்தது.

முதன்முதல் எழுப்பி நிறுத்தியபோதுதான் நான் அழுதேன். அவள் நிமிர்ந்து நின்றாள். இத்தனை வருஷம் அவளுடைய உயரம் இவ்வளவு என்று எனக்குத் தெரியாது. எனக்கு மேலே நின்றாள்! அவளுக்கோ வேறு யோசனை. எவ்வளவு எடுத்தார்கள் என்று தாதியாக நின்ற மிஸியிடம் கேட்டாள். மிஸி நிறையைச் சொன்னார். றீற்றா மனதுக்குள் தூக்கிப் பார்த்தாள், பிறகு அன்ரனைப் பார்த்துச் சொன்னாள்:

“ஒரு நல்ல கொடுவாய் மீனப்பா! அதைக் கழுத்திலை கட்டிக்கொண்டெல்லோ நான் இவ்வளவு காலமும் நண்டு கழட்டினனான்!”

தலை பின்னல்

வீட்டுக்குக் கூட்டிவந்த ஓட்டோவில் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஓட்டோக்காரப் பொடியனுக்கு என்னிடம் ஏச்சு விழுந்தது. வந்த பிறகு சட்டங்கள்: மல்லாந்து, முதுகுக்கு உயர்த்திப் படுக்கவேண்டும். இரவும் பகலும் முன்னுக்குப் பூட்டுகிற இறுக்கமான உள்சட்டை. தலைக்கு மேல் சட்டை போட முடியாததால் வீட்டில் உடுக்கிற எல்லாச் சோட்டியையும் முன்னால் வெட்டி, பூட்டத் தெறி வைத்துக் கொடுத்தேன். பாரம் தூக்கக்கூடாது, கிணற்றில் அள்ளக்கூடாது, கையைத் தோளுக்கு மேல் உயர்த்தக்கூடாது. கை உயராவிட்டால் தலை எப்படிப் பின்னுவது? வழமையாகப் பின்னிவிடுகிற பிலோமினா கோவிலுக்குப் போயிருந்த ஒரு நாள் அன்ரனே சீப்பை எடுத்தார். எனக்கு அந்த மனுசனில் இருந்த மதிப்பு அன்றைக்கு இரண்டு மடங்காயிற்று. அவ்வளவு பக்குவமாக, இழை இழையாக எடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு பின்னி முடித்தார். பின்னேரம் நான் போனபோது றீற்றா கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள், சிரித்தால் இழுக்கும் என்று தலையணையை வேறு நெஞ்சில் அமத்திப் பிடித்திருந்தாள்.

“வலை முடிச்சுப் போட்டிருக்கிறார் அக்கா. இனி இதைக் கழட்டவும் நான்தான் வேணும்.”

பிலோமினாவின் பத்தியம்

கடலோடுகிற வீட்டில் பத்தியம் என்பது பெரிய சோதனை. பிலோமினா சட்டம் போட்டாள். நண்டு கிரந்தி, இறால் கிரந்தி, கணவாய் கிரந்தி, கத்தரிக்காய் தக்காளிகூடக் கிரந்தி. கிரந்திச் சாப்பாடு தின்றால் காயம் சீழ் கட்டும். மிஞ்சியது சோறும் மிளகுத் தண்ணியும். காயம் ஆற நல்ல மீன், முட்டை, பருப்பு சாப்பிடவேண்டும் என்று டொக்டர் சொன்னதை நான் எடுத்துச் சொன்னேன். “டொக்டர் பொடிச்சி தீவிலையே பிறந்தவ?” என்றாள் பிலோமினா. றீற்றா மெலிந்து, சோர்ந்து, எழும்பினால் தலை சுற்றி விழப்பார்த்தாள்.

அதைக் கண்டு பிலோமினாவுக்கே பயம் பிடித்துவிட்டது. பாசம் இல்லாதவள் அல்ல; பாசம் கொஞ்சம் கூடினவள். மறுநாள் விடியக் கரைக்குப் போய், வந்த வள்ளத்தையெல்லாம் தட்டி, பால்சுறாவாகப் பார்த்து வாங்கி, உள்ளியும் மிளகும் தேங்காய்ப்பூவும் போட்டு வறை வறுத்துப் புட்டோடு கொண்டுவந்தாள். எங்கள் பக்கத்தில் அந்த வறை யாருக்கு என்று உங்களுக்குத் தெரியும். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு, பால் சுரக்க, மார்பு நிறைய. எங்கள் பெண்களுக்கு உடம்பு தேற்றுகிற சாப்பாடு என்றால் கைக்கு முதலில் வருவது அதுதான். றீற்றா பசியில் பாதியைத் தின்றுவிட்டாள். நான் போய் மூடியைத் திறந்து பார்த்து, “உது பால்சுறா வறையெல்லோ?” என்றேன். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிலோமினா நெற்றியில் சிலுவை போட்டாள். சுறா தின்று மார்பு வளராது, உடம்பு அளவுக்கு மீறிப் பருத்தால்தான் திரும்பப் பெருக்கும் என்று கிளினிக்கில் டொக்டர் சொல்லும்வரை அவள் நித்திரை கொள்ளவில்லை.

“மாதாவே, அந்த டொக்டர்ப் பிள்ளை வெட்டி எடுத்ததை நான் வறுத்து வளத்துப்போட்டனோ!”

கண்ணாடி

எல்லாம் சிரிப்பாகவே போயிற்று என்று நினைக்கவேண்டாம். வீக்கம் வற்றாமல் ஒரு பக்கம் பெரிதாகவும் ஒரு பக்கம் பெட்டியைப் போலவும் இருந்த நாட்கள் உண்டு. பச்சை, மஞ்சள், நாவல் என்று தோல் நிறம் மாறிய நாட்கள் உண்டு. ஒரு நாள், யாரும் இல்லாத நேரம் பார்த்து, கிணற்றில் ஒரு வாளி அள்ளிவிட்டாள். நங்கூரத்தின் தண்டும் அடியும் சந்திக்கிற இடத்தில், எங்கள் தொழிலிலும் முதலில் பிரிகிற இடம் அதுதான், தையல் சின்னதாக வாய் திறந்தது. தீவு ஆஸ்பத்திரி மிஸி பார்த்துவிட்டு, இது நடக்கிற விஷயந்தான், பயப்படவேண்டாம் என்று நாள்தோறும் மருந்து கட்டினார். மெல்ல ஆறியது.

ஆறாதது அவளுடைய மனம். தோள் நோ போய்விட்டது, புண் போய்விட்டது, விரல் மட்டும் அப்படியே விறைத்துக் கிடந்தது. நரம்பு மெதுவாகத்தான் தேறும் என்று டொக்டர் சொன்னார். சத்தியம் மட்டும் அப்போதும் பண்ணவில்லை. கரையில் அவளுடைய இடத்தில் வேறு ஒருத்தி குந்தியிருந்து நண்டு கழற்றினாள். ஒரு மத்தியானம் றீற்றா கடைக்கு வந்து திரைக்குப் பின்னால் போய் நின்றாள். அளவெடுக்க அல்ல, என் கண்ணாடி பெரிது என்பதால். கனநேரமாகியும் வெளியே வரவில்லை. திரையை விலக்கிப் பார்த்தேன். விரலை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். கூட நின்று நானும் அழுதேன்.

“இவ்வளவையும் வெட்டிக் குடுத்திட்டன். விரலை மட்டும் தாங்கோ எண்டுதானே கேட்டனான் அக்கா.”

சோளகம்

ஆனாலும் அவள் விடவில்லை. மிஸி காட்டிய கைப்பயிற்சியைச் செபமாலை உருட்டுகிற மாதிரி நாள் தவறாமல் செய்தாள். புகையிலையைத் திரும்ப எடுக்கவில்லை. பாரம் தூக்கலாம் என்று டொக்டர் சொன்ன பிறகு, சம்பளமில்லாமல் அன்ரனின் வலையில் மட்டும் குந்தி, கண்ணால் பார்த்துப் பார்த்துக் கழற்றினாள். இரண்டு விரலும் மற்ற விரல்களுக்குப் பின்னால் சும்மா போய் வந்தன. அதற்குள் வாடை ஓய்ந்து, சோளகக் காற்று எழும்பிவிட்டது.

புதிய அளவுக்கு முதல் சட்டையைத் தைத்து முடித்தபோது கடைக்கு வர நேரமில்லை என்று சொல்லி அனுப்பினாள். வீக்கம் முற்றாக வற்றும்வரை தைக்கக்கூடாது என்று நான்தான் மாதக்கணக்கில் பிடிவாதமாக இருந்தேன்; ஆகவே பொறுக்காமல் சட்டையை எடுத்துக்கொண்டு நானே விடியக் கரைக்குப் போனேன். வலைக் குவியலுக்கு முன்னால் நிமிர்ந்து குந்தியிருந்தாள். தூரத்தில் வந்த என்னைக் கண்டு தலையைத் தூக்கி, கையை மட்டும் வலைக்குள் விட்டபடி, “வாங்கோக்கா” என்றாள். அடுத்த நொடி கரையே அதிர ஒரு கத்தல். கையை வெளியே இழுத்தாள். சுண்டுவிரலைக் கவ்விக்கொண்டு ஒரு பெரிய நண்டு தொங்கியது. இரத்தம் வந்தது. அன்ரன் வள்ளத்திலிருந்து குதித்து ஓடிவந்து நண்டின் கொடுக்கை முறிக்கப் போனார். றீற்றா மற்றக் கையால் அவரைத் தள்ளிவிட்டாள். கண்ணால் நீர் பொலபொலவென்று வடிகிறது, வாய் முழுக்கச் சிரிப்பு. அந்த விரலைத் தூக்கி எனக்கும் அவருக்கும் கரையில் நின்ற எல்லாருக்கும் காட்டிக்கொண்டு கத்தினாள்:

“முறிக்காதேங்கோ, விடுங்கோ! நோகுதக்கா! ஐயோ, நல்லா நோகுது! இன்னும் கொஞ்சம் நோகட்டும்!”

இப்போது என் கடைக்கு வருகிற பெண்களில் பாதிப்பேர் திரைக்குப் பின்னால் போய்த் துணியைத் தராமல் டொக்டரின் கிளினிக் என்றைக்கு என்று கேட்கிறார்கள், நானும் பஸ் நேரம் உட்பட எல்லாம் சொல்லி அனுப்பிவிட்டு மெசினைச் சும்மா மிதித்துக்கொண்டிருக்கிறேன்.